எஃப்புக்கு ஃபில்டர்

சந்தேகப்படுவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. தணிக்கைப் பிரிவில் வேலை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று யோசிப்பேன். வீட்டிலும் இதே கதைதான் என்பது என் மனைவியின் நெடுநாள் புகார். தள்ளுவண்டிக்காரர் உருளைக்கிழங்கு நிறுக்கும்போது நான் தராசையே முறைத்துக்கொண்டு நிற்பது அவளுக்கு மானக்கேடாம். "உங்களப் பாத்தாலே அந்த பையா பயத்துல ரெண்டு கிழங்கு கூடப் போட்டுடறாருங்க" என்பாள். போடட்டுமே, எனக்கென்ன.

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. தில்லியில், மோதி பாகில் குவார்ட்டர்ஸ், அங்கிருந்து ஸ்கூட்டரில் கொஞ்ச தூரம் போனால் ஒரு தனியார் பள்ளி, அதில் நர்சரி. வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. குக்கர் ஏன் கத்துகிறது, மெட்ரோ எங்கே போய்த் தூங்குகிறது, மாடி வீட்டு சர்தார்ஜி தாத்தா தலைப்பாகைக்குள் என்ன வைத்திருக்கிறார், எல்லாம் தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. நடுவே ஓர் அச்சா, ஒரு ஜல்தி விழுமே தவிர, பேச்சு அத்தனையும் தமிழ்தான். கொஞ்ச நேரம் நிம்மதி வேண்டுமென்றால் டிவியைப் போட்டு அவள் வாயை மூட வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்று மிஸ் சொன்னபோது, வேறு யார் வீட்டுப் பிள்ளையையோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். தீபாவளி விடுமுறைக்கு முன்னால் நடந்த பெற்றோர் கூட்டம். குழந்தைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க, நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம்.

"பச்சி பஹுத் ஸ்வீட் ஹை சார், லேகின் போல்தீ ஹீ நஹீ" என்றார் மிஸ். பிள்ளை தங்கம், ஆனால் பேசுவதே இல்லை. பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டாளாம், எழுந்து நிற்பாளாம். அவர்களாகப் புரிந்துகொள்ள வேண்டுமாம்.

வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றோம். அதற்கு அவர் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர்கள் ஆட்டுகிற ஆட்டு அது. மூன்று பாஷைக்கு நடுவில் பிள்ளை குழம்புகிறது, வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார். வருஷக் கடைசிக்குள் வகுப்பில் வாய் திறக்கவில்லை என்றால் அடுத்த வகுப்புக்கு அனுப்புவது கஷ்டம், நர்சரியிலேயே இன்னொரு வருஷம் இருக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். எதை வைத்து முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன். ஷோ அண்ட் டெல் என்றார்.

அது ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஓர் இங்கிலீஷ் எழுத்து. அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற ஒரு பொருளைப் பிள்ளை கொண்டுபோய், எல்லார் முன்னாலும் காட்டி, அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எந்த வாரம் என்ன எழுத்து என்பது பெற்றோரின் வாட்ஸாப் குரூப்பில் வரும். முடிந்ததும் மிஸ் போட்டோ எடுத்து அதே குரூப்பில் போடுவார். என் மகளின் ஒரு வருஷம் அந்த இரண்டு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று முதல் வீட்டில் தமிழுக்கு 144 போட்டோம். நான் டாடி, மனைவி மம்மி. எங்கள் இங்கிலீஷோ முழுக்க ஆபீஸ் இங்கிலீஷ். "கைண்ட்லி ஃபினிஷ் யுவர் மில்க்" என்று மகளிடம் சொல்லிவிட்டு நானே ஒரு கணம் திகைத்துப்போனேன். சண்டை போட மட்டும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் போட்டோம், இங்கிலீஷில் எங்களுக்குத் திட்ட வராது.

முதலில் அவள் இதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். தமிழில் ஏதாவது கேட்பாள், "இன் இங்கிலீஷ்" என்போம். முழித்துவிட்டு ஓடிவிடுவாள். பிறகு கேட்பது குறைந்தது. யெஸ் டாடி, நோ டாடி, அவ்வளவுதான். குழந்தைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்றாள் மனைவி. எனக்கு அதில் சந்தேகம். பள்ளிக்கூடத்தில் யாரோ பிள்ளையை மிரட்டுகிறார்கள், அதுதான் வீட்டிலும் ஒடுங்கிப்போகிறது என்று தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் எனக்குப் போகாது.

விடுமுறை முடிந்து வந்த முதல் எழுத்து எஃப். ஃபிஷ், ஃப்ளவர், ஃபேன் என்று ஊரே ஒன்றைத்தான் கொண்டுவரும், நாம் புதிதாகக் கொடுப்போம் என்று எங்கள் பித்தளை காபி ஃபில்டரைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று எடுத்துவைத்தேன். "திஸ் இஸ் எ ஃபில்டர். வீ மேக் காஃபி இன் இட்." இதைச் சொல்லிக்கொடுத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு திருப்பிச் சொன்னாள். போதும், இந்த வாரம் தேறிவிடுவாள் என்று நம்பினேன்.

மதியம் ஆபீஸில் இருக்கும்போது போட்டோக்கள் வந்தன. என் ஃபில்டர் யாரோ ஒரு சிறுமியின் கையில் இருந்தது. இரட்டைப் பின்னல், முழங்கால் வரை தொங்கும் பெரிய ஸ்வெட்டர், முகம் கொள்ளாத சிரிப்பு. சூப்பர் கான்ஃபிடன்ஸ் என்று மிஸ் எழுதியிருந்தார். என் மகளைத் தேடினேன். பின்வரிசையில், கையை மடியில் வைத்துக்கொண்டு, வெறுமனே உட்கார்ந்திருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஹூ டுக் யுவர் ஃபில்டர்?" என்று வீட்டுக்கு வந்ததும் விசாரித்தேன்.

"நோபடி, டாடி."

ஃபில்டர் பையில் பத்திரமாக இருந்தது. அதுதான் என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. எடுத்தவள் எதற்காகத் திருப்பித் தர வேண்டும்?

அடுத்த வாரம் ஜி. கொய்யாப்பழம் கொடுத்தேன். பையின் வாயை டேப் போட்டு ஒட்டி அனுப்பினேன். போட்டோவில் கொய்யா அதே சிறுமியின் கையில். பழம் திரும்பி வரவில்லை, என்ன ஆயிற்று என்றால் "ஃபினிஷ்ட்" என்றாள் மகள். அதற்கடுத்த வாரம் ஹெச். என் பழைய சைக்கிளின் ரப்பர் ஹாரன். அந்தச் சிறுமி அதை அமுக்க, வகுப்பே சிரிக்கிறது. பின்வரிசையில் என் மகளும் சிரிக்கிறாள். பொருளைப் பறிகொடுத்தவள் எதற்குச் சிரிக்க வேண்டும்? அது வேறு உறுத்தியது.

"நாலு வயசுக் குழந்தைங்க மேல ஆடிட் அப்ஜெக்ஷன் போடறீங்களா?" என்றாள் மனைவி, பால்கனியில்.

"அந்தப் பொண்ணோட அம்மா கெட்டிக்காரி. பொருளே வாங்காம அவ பொண்ணப் பேர் வாங்க வெக்கறா. நம்ம பொண்ணு பேசாம உக்காந்து ஃபெயிலாகுது."

"அது பேசாததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"

கேள்வி நியாயமாக இருந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

காலையில் கேட்டருகே மிஸ்ஸைப் பிடித்தேன். உங்கள் மகள் வாராவாரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறாள், பொருள் கொண்டுவராத பிள்ளையை நான் எப்படி எழுப்பிப் பேசச் சொல்வது, நீங்கள் மறந்துவிடுகிறீர்கள் போலிருக்கிறது என்றார். மறதி! என் மேலேயே அப்ஜெக்ஷன். அங்கேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். ஆதாரம் இல்லாமல் வாய் திறக்கக் கூடாது என்பது தொழில் பழக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐ வந்தது. இட்லித் தட்டு. தட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் என் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன். போட்டோவில் அந்தச் சிறுமி, குழிகள் தன் பக்கம் இருக்கும்படி தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அடிப்பக்கத்தில் என் கையெழுத்து. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்குக் கேட்டில் போய் நின்றேன். எங்கள் மகள் வேனில் ஏறிப் போய்விட்டாள். அந்தச் சிறுமியைக் கூட்டிப்போக ஒரு பெண் வேகவேகமாக வந்தாள். நைலக்ஸ் புடவை மேல் ஆம்பிளை ஸ்வெட்டர், தலையைச் சுற்றி சால்வை. வீட்டு வேலைக்குப் போகிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கும் இலவச இடத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளை. ஓஹோ, அதுதான் சமாசாரமா என்று நான் மனசுக்குள் கணக்கை முடித்துவிட்டேன்.

"சுனியே. ஆப்கீ பேட்டீ மேரீ பேட்டீ கா சாமான் லேத்தீ ஹை" என்றேன். உன் மகள் என் மகளின் சாமானை எடுக்கிறாள் என்று குற்றச்சாட்டு.

அவள் முகம் சுருங்கியது. "நஹீ சாப். மேரா பேட்டீ சோரீ நஹீ கர்த்தா." என் பிள்ளை திருடாது என்கிறாள்.

"மேரே பாஸ் ஃபோட்டோ ஹை" என்று போனை நீட்டினேன். அவள் ஏதோ சொன்னாள், நான் ஏதோ சொன்னேன். இரண்டு பேர் ஹிந்தியும் நொண்டியது. அவளுக்கு ஆண்பாலும் பெண்பாலும் புரண்டன, எனக்குக் கோபத்தில் வினைச்சொல்லே வரவில்லை. கேட் காவலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கடைசியில் அவள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினாள். போகிறபோக்கில் தனக்குள் முனகினாள்.

"இன்னைக்கு எவன் மூஞ்சியில முழிச்சனோ, புள்ளைக்குத் திருட்டுப் பட்டம் கட்டறான்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். "என்னம்மா சொன்னீங்க?"

அவளும் நின்றாள். "சார் தமிழா?"

"தமிழ்தான்."

"அத மொதல்லயே சொன்னா என்ன சார். இம்மா நேரம் இந்தியில மல்லுக்கட்டிக்கிட்டு" என்றாள். விழுப்புரம் பக்கமாம். தில்லிக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. போனை வாங்கிப் பார்த்தாள். பின்வரிசையில் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த என் மகள்மேல் விரலை வைத்தாள். "இதுவா சார் உங்க பொண்ணு? எப்பா, வாய் ஓயாதே இதுக்கு."

"எங்க பொண்ணு பேசாதும்மா. அதுதான் பிரச்சினையே."

"யாரு சொன்னா? எம்பொண்ணு ஊட்டுக்கு வந்து, உங்க பொண்ணு சொன்னதயேதான் தூங்கற வரைக்கும் சொல்லிக்கிட்டுக் கெடக்கும். அந்த ஃபில்டர்ல காப்பி சொட்டுச் சொட்டாத்தான் எறங்குமாமே. அதுக்கு அவசரமே கெடையாதாம், மனுசங்களுக்குத்தான் அவசரமாம். எங்கூட்ல ஃபில்டர் ஏது சார்? எனக்கே உங்க பொண்ணு சொல்லித்தான் தெரியும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிகாக்ஷன் இறங்கக் காத்திருந்த நேரத்தில், நான்தான் மகளிடம் அதைச் சொன்னேன். 144 போடுவதற்கு முன்னால். நான் அவளுக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்ததில் அந்த வரி கிடையாது.

"அப்ப சாமான் எப்படி உங்க பொண்ணு கைக்கு வருது?"

"எங்கிட்ட இருக்கறது பட்டன் போனு. குரூப்பு கிரூப்பெல்லாம் இல்ல. எந்த வாரம் என்னா எழுத்துன்னு எனக்கு யாரு சொல்லுவா? எம்பொண்ணு சும்மாதான் போவும். உங்க பொண்ணுதான் பையப் பிரிச்சு, கையில குடுத்து, கதையும் சொல்லிக் குடுத்து, 'நீ போய்ச் சொல்லு'ன்னுதாம். இது போய் அத இந்தியில சொல்லிட்டு வருது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மகளைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாளோ என்றுதான் அப்போதும் ஓடியது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "நம்பலன்னா வெள்ளிக்கெழம காலைல வந்து பாருங்க சார். மணி அடிக்கிற வரைக்கும் சறுக்குமரத்தடியில ரெண்டும் ஒக்காந்திருக்கும். பக்கத்துச் சந்துல கம்பி வேலி இருக்கு, அங்கேருந்து நல்லா தெரியும்" என்றாள். அடுத்த வீட்டுப் பாத்திரம் காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

அந்த வாரம் ஜே. வியாழக்கிழமை சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், நம்ம ஊர்ச் சாமான் விற்கும் கடையில் பலாப்பழ சிப்ஸ் வாங்கி வந்தேன். "ஜே ஃபார் ஜாக்ஃப்ரூட்" என்று சொல்லிக்கொடுத்தேன். யெஸ் டாடி என்றாள். வேறு ஏதாவது கேட்பாள் என்று அன்றைக்கு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. மனைவியிடம் நான் எதையும் சொல்லவில்லை, கண்ணால் பார்க்காமல் சொல்வது என் வழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளைக் கேட்டில் இறக்கிவிட்டு, பாதித் தெருவைப் பனிமூட்டம் விழுங்கியிருந்த அந்தச் சந்துக்குள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனேன். இஸ்திரி போடுகிறவர் தன் மேஜையை விரித்துக்கொண்டிருந்தார். நான் வேலியை ஒட்டி நிற்பதை ஏற இறங்கப் பார்த்தார். குழந்தைகள் பள்ளி வேலியில் ஓர் ஆள் ஒட்டிக்கொண்டு நின்றால் யாராக இருந்தாலும் சந்தேகப்படத்தானே செய்வார்கள். "மேரீ பேட்டீ ஹை" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சறுக்குமரம் வேலியிலிருந்து கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதன் அடியில் இரண்டு பேரும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் பையைப் பிரித்துவிட்டாள். நான் ஒட்டியிருந்த டேப்பை எப்படிப் பக்குவமாக உரித்தாள் என்பதைப் பார்த்தால் நானே பயிற்சி கொடுத்ததுபோல இருந்தது.

"இது பலாப்பழம். ஆனா பழம் இல்ல, சிப்ஸ். பழம் இவ்ளோ பெரிசு, என்ன விடப் பெரிசு. மேல முள்ளு முள்ளா இருக்கும், கிட்டப் போனா குத்தும். உள்ள மஞ்சளா சொள இருக்கும். கையில எண்ண தடவிக்கிட்டுத்தான் எடுக்கணும், இல்லன்னா பிசின் ஒட்டிக்கும். கைய விடவே விடாது."

"ஃபெவிகால் மாதிரியா?"

"ஃபெவிகால விட. ஒரு தடவ எங்க மாமாவுக்கு மீசையில ஒட்டிக்கிச்சு."

இரண்டும் சிரித்தன. என் மகள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். கையை ஆட்டினாள், பலாப்பழம் எப்படிக் கிளையில் தொங்கும் என்று எழுந்து தொங்கிக் காட்டினாள். இந்தக் குரலை நான் வீட்டில் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. வேலிக் கம்பி கையில் சில்லென்று இருந்தது, விடத் தோன்றவில்லை.

சிப்ஸைக் கடித்துக்கொண்டே அந்தச் சிறுமி கேட்டாள். "இதெல்லாம் உங்கப்பாதான் சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல. எங்கப்பாவுக்குத் தமிழ் தெரியாது."

"தெரியாதா?"

"முன்னாடி தெரியும். நல்லாப் பேசுவாரு. தீவாளி அப்ப மறந்துபோச்சு. அம்மாவுக்கும் மறந்துபோச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு என் மகள் சொன்னாள். "பாவம், ரெண்டு பேரும்."

மணி அடித்தது. சிப்ஸ் பொட்டலத்தை அந்தச் சிறுமியின் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். எனக்கு அழுகை வந்தது. இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆபீஸுக்குப் போகவில்லை. பள்ளி விடும் வரைக்கும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, வேனில் அனுப்ப வேண்டாம் என்று சொல்ல உள்ளே போனேன். மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். பேசுகிறாள், நன்றாகவே பேசுகிறாள், வாராவாரம் நீங்கள் சபாஷ் போட்டதெல்லாம் அவள் பேச்சுதான் என்றேன். அவர் முதலில் நம்பவில்லை. எனக்கு அது புதிதா என்ன. கடைசியில், அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் சேர்த்து எழுப்புகிறேன், ஒருத்தி தமிழில் சொல்லட்டும், மற்றவள் ஹிந்தியில் சொல்லட்டும், பார்ப்போம் என்றார். அடுத்த வகுப்பைப் பற்றி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வீட்டில் இனி என்ன பேசுவோம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெளியே வெயில் லேசாக வந்திருந்தது. வேனுக்குப் பதிலாக நான் வந்து நின்றதைப் பார்த்து மகளுக்கு ஆச்சரியம். காலி டிபன் டப்பாவோடு பையை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"பசிக்குதாடா?" என்றேன்.

ஸ்கூட்டரில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். ஒருவரும் இல்லை. பிறகு ஜாக்கிரதையாக, "யெஸ், டாடி" என்றாள்.

"வீட்ல மோர்க்குழம்பு இருக்கு. அம்மா வெண்டைக்காய் போட்டு வெச்சிருக்கா. போலாமா?"

அவள் காலைக் கீழே எடுத்தாள். கிட்டே வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் குனிந்தேன். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று காதோடு வாயை வைத்துக் கேட்டாள்.

"ஞாபகம் வந்துடுச்சாப்பா?"